உமி விழாத ஆலை

ஆலைக்குள் டிராக்டரை விட்டதுமே எனக்குச் சுருக்கென்றது. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. பின்பக்கக் குழாயிலிருந்து உமி விழவில்லை. நெல்லை அரைத்தால் உமி எங்கே போகும்? யார் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று உள்ளே போனேன்.

ஆலை என் அக்கா வீட்டுக்காரருடையது. அறுவடை நெருங்கும் நேரத்தில், வெளிநாட்டு அரிசிக்கு இனி வரி கிடையாது என்று அரசாங்கம் அறிவித்தது. அன்றைக்கே மாமா என் வயலுக்கு வந்து தோளில் கைபோட்டார். "யார் கைவிட்டாலும் நான் விடமாட்டேன் மாப்ளே. நெல்லை வெளியே கொடுத்துடாத" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். எதிர் ஆலைக்காரன் களத்துக்கே வந்து கேட்டபோது முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. நெல் கிடைக்காமல் அவன் ஆலையைப் பூட்டிவிட்டான். அப்பேர்ப்பட்ட புத்திசாலி நான். மாமா கூப்பிடுவார் என்று காத்திருந்ததில் நெல் மழையில் நனைந்துவிட்டது. இன்றைக்கு இறக்காவிட்டால் முளைத்துவிடும்.

உள்ளே, கப்பலில் வந்த அரிசியை ஆலைப் பெயர் போட்ட சாக்குகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின் அதற்குப் பாலிஷ் போட மட்டும் ஓடியது. அக்கா சாக்கு வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நெல் கொண்டாந்திருக்கேன் மாமா."

"எங்க இறக்குறது? குடோன் பூரா இந்த அரிசிதான். உன் நெல்லைவிட இது மலிவு மாப்ளே."

"எப்ப வரவழைச்சீங்க?"

"அறிவிப்பு வந்த அன்னைக்கே ஆர்டர் போட்டாச்சு."

அன்றைக்குத்தானே தோளில் கைபோட்டார்.

"அப்புறம் ஏன் வெளியே கொடுக்காதன்னீங்க?"

அவர் அடுக்கிய சாக்குகளை எண்ண ஆரம்பித்தார். அக்காதான் பதில் சொன்னாள். தையலை நிறுத்தவில்லை.

"உங்க நெல்லெல்லாம் எதிர் ஆலைக்குப் போயிருந்தா, நம்ம ஊர் அரிசியே கடைக்கு வந்திருக்கும். எங்க சாக்கை யார் தொடுவா? நான்தான்டா அவரை உன்கிட்ட பேசச் சொன்னேன். நீ நிறுத்தினா ஊரே நிறுத்தும்."

நிறுத்தியது. அக்கா வீட்டு ஆலை இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் நான்தான். கூடப்பிறந்தவள் என் வாயை வைத்தே எல்லோர் கழுத்தையும் அறுத்திருக்கிறாள்.

வெளியே ஹாரன் கேட்டது. பக்கத்து வயல்காரர் நெல்லோடு வாசலுக்குள் டிராக்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். பின்னாலேயே எங்கள் தெரு டிராக்டர்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இறக்கிட்டியா தம்பி? அடுத்து நாங்கதானே?"