ஒரு லிட்டர் போதும்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டுக் குப்பையில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் அதை வம்பு என்பார்கள். நான் அக்கறை என்பேன். அந்த அக்கறைதான் அன்றைக்கு என்னை மாட்டிவிட்டது.

அடுத்த வீட்டுக்காரர் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். கெட்டியான கரைசலில் தண்ணீர் சேர்த்துச் சொன்ன அளவுக்குக் கொண்டுவருவது தொழில். பட்டப்பெயர் சதவீதம். டீ கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை ரெண்டு சதவீதம் கூட" என்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

அவர் மனைவி தையல்காரி. ஹாலில் இரண்டு மெஷின் இருக்கும். ஒன்று துணி தைக்க, இன்னொன்று அவளுடைய ரத்தத்தைச் சுத்தம் செய்ய. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு சாய்வு நாற்காலியில் கிடப்பாள். மெஷினுக்கு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர்தான். வரும் வழியில் ஆள் உயரத்துக்கு இரண்டு கரி உருளைகள். குளோரின் ரத்தத்துக்குப் போனால் சிவப்பணுக்கள் உடைந்துபோகுமாம். கரி அதைப் பிடித்து நிறுத்துமாம். கேட்காமலே சதவீதம் எனக்கு எடுத்த பாடம் இது.

போன வாரம் கட்டடத்தில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. தொட்டியில் குளோரின் ஊற்ற வேண்டும் என்று சங்கத் தலைவர் முடிவு செய்தார். "வெளியாள் எதுக்கு, நம்ம சதவீதம் இருக்காரே" என்று எடுத்துக்கொடுத்த புண்ணியவதி நான்தான்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குத் தலைவர் வாங்கிவைத்த நீலக் கேனோடு அவர் மாடியேறினார். நானும் துணி காயப்போடுகிற சாக்கில் போனேன். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.

"தொட்டி அஞ்சாயிரம் லிட்டர். லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராம். ஆக மொத்தம் பத்து கிராம் வேணும். கரைசல்ல லிட்டருக்குப் பத்து கிராம் இருக்கு. ஒரு லிட்டர் போதும்."

"இன்னிக்கு உங்க வீட்டுல மெஷின் நாளாச்சே?"

"ரெண்டு மில்லிகிராமைக் கரி முழுங்கிட்டு ஏப்பம் விடும்க்கா. நீங்க துணியைப் பிழிங்க."

அளந்து ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. நெடி மூக்கை அறுத்தது. சுத்தம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வேலைக்குப் போய்விட்டார்.

பத்தேகாலுக்கு என் போன் அடித்தது. சதவீதம்தான்.

"அக்கா, காலையில அந்தக் கேன் பார்த்தீங்கல்ல. அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"நான் எதுக்கு அதையெல்லாம்..."

"நீங்க படிச்சிருப்பீங்க. சொல்லுங்க."

படித்துத்தான் இருந்தேன். கடை பெயர், தேதி, விலை எல்லாம். "பத்து சதவீதம்னு பெருசா போட்டிருந்துச்சு."

அந்தப் பக்கம் கண்ணாடிப் பாட்டிலை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"இங்க லேப்ல என் அலமாரியில இருக்கறது ஒரு சதவீதம்," என்றார் மெதுவாக. "பன்னெண்டு வருஷமா குளோரின் மட்டும் ஸ்டோர்லயே தண்ணி கலந்துதான் எனக்கு வரும். இப்ப அந்தப் பாட்டிலைக் கையில எடுத்தேன். அப்பதான் உறைச்சுது. கேன் லேபிளை நான் பார்க்கவே இல்லைக்கா."

கூட்டல் பெருக்கலில் ஒரு பிசகும் இல்லை. கணக்கு அவருடைய அலமாரி பாட்டிலுக்கு, ஊற்றியது கடைக் கேனில் இருந்து. ரெண்டு மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் இருபது.

"அவ போனை எடுக்கலை. ஒன்பதரைக்கு மெஷின்ல உட்கார்ந்திருப்பா. உங்ககிட்ட சாவி இருக்கு. ஓடுங்க. போனைக் கட் பண்ணாதீங்க."

ஓடினேன். படியில் எதிர்ப்பட்ட தலைவர், "என்னம்மா, எங்க தீப்பிடிச்சுது?" என்றார்.

"தொட்டி வால்வை மூடுங்க. யாரும் தண்ணி பிடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்."

நான் காரணம் சொல்லாமல் போனதைப் பார்த்துத்தான் மனுஷனுக்கு முகம் வெளுத்தது.

கதவைத் திறந்தேன். தையல்காரி கண்ணை மூடிக் கிடந்தாள். பம்ப் சுற்றிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் அவள் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. போனை அவள் காதில் வைத்தேன்.

கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். "எட்டு மணிக்கே குளோரின் தாளை நனைச்சுப் பார்த்துட்டேனே, சரியாத்தான் இருந்துச்சு," என்றாள். எட்டு மணிக்குப் பார்த்தது பழைய தண்ணீர்.

"பம்பை நிறுத்து. ரெண்டு பக்கமும் கிளிப் போடு. குழாய்ல இருக்கற ரத்தத்தைத் திருப்பி உள்ள விடாதே," போனில் அவர் குரல் உடைந்தது. "போனாப் போகட்டும் அது."

பம்பை நிறுத்திக் கிளிப் போட்டாள். பிறகு தாள் நனைக்க என்னை ஏவினாள். முதல் உருளைக்குப் பின்னால் ஒரு சின்னக் குழாய், இரண்டாவதற்குப் பின்னால் இன்னொன்று. குளோரின் இருந்தால் தாள் ஊதாவாகும். முதலாவதில் நனைத்தது நொடியில் அடர்ந்த ஊதாவானது. இரண்டாவதில் நனைத்ததை வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளை என்றும் சொல்ல முடியவில்லை, ஊதா என்றும் சொல்ல முடியவில்லை.

"லேசா இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு," என்றேன்.

"உனக்கு என்ன பண்ணுது?" அவர் அவளைக் கேட்டார்.

"முதுகு வலிக்குது."

ரத்தம் உடைந்தால் முதல் அறிகுறி முதுகுவலி. தையல்காரிக்கோ வருடம் முழுக்க முதுகு வலிக்கும். இது எந்த வலி என்று எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டாராம், ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆகுமாம். "மாசா மாசம் ரத்தம் எடுக்கற டியூப் ஒண்ணுல பிடிச்சு நிமிர்த்தி வை. ஆட்டாதே. சிவப்பு அடியில இறங்கும், மேல தெளிவா நிக்கும். அது மஞ்சளா இருந்தா நல்லது. ரோஸா இருந்தா..."

டியூபில் ரத்தம் பிடித்து, நூல்கண்டுத் தட்டில் கண்டு செருகும் கம்பி ஒன்றைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் டியூபை நிறுத்தினாள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஊர் வாய் நான். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலைவர் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டுவது கேட்டது.

"பேசுங்கக்கா," என்றாள். "நீங்க பேசாம இருந்தா பயமா இருக்கு."

"மூணாவது மாடிக்காரி கடன் வாங்கின குக்கரை மூடியில்லாம திருப்பிக் கொடுத்தா," என்றேன். அவள் தலையாட்டினாள். கண் டியூபை விட்டு அகலவில்லை.

சிவப்பு மெல்ல மெல்ல இறங்கியது. மேலே நகக்கண் அளவு தெளிவு. அறை வெளிச்சத்தில் அதற்கு ஒரு நிறமும் இல்லை.

படியில் செருப்புச் சத்தம். ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவரே வந்துவிட்டார், சட்டைப் பையில் பேனா மூடி மட்டும் இருந்தது. அவள் கையைத் தொட்டார், கிளிப்பைத் தொட்டார். டியூபை எடுத்து ஜன்னலில் பிடித்தார். உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீங்க பாருங்கக்கா. நான் பார்த்ததை நான் நம்ப மாட்டேன்."

வாங்கினேன். இல்லாததை இருக்கிறது என்றும், இருப்பதைப் பத்தாகவும் சொல்லிப் பழகிய வாய் இது. திறக்கவே பயந்தேன்.

"இப்படிக் கொடுங்க, ரெண்டு பேரும்," என்றாள் தையல்காரி. ஊசி குத்திய கையை மடியில் அசையாமல் வைத்துக்கொண்டு, மற்ற கையால் தட்டிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்தாள். ஒன்று வைக்கோல் மஞ்சள், ஒன்று இளம் ரோஸ். டியூபின் இரண்டு பக்கமும் வைத்து ஜன்னல் பக்கம் பிடிக்கச் சொன்னாள். துணிக்கு நூல் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்தாள்.

முதலில் ரோஸை எடுத்துவிட்டாள்.

மஞ்சள் கண்டு டியூபோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"இது தைக்கறதால வந்த முதுகுவலிதான்," என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்," என்று அவள்தான் அவருக்குத் தைரியம் சொன்னாள். கிளம்பும்போது அவர் என்னிடம் திரும்பி, அந்தக் கேனைக் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னார்.

கொண்டுவந்தேன். லேபிளில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி, கடை பெயரில் தொடங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஆம்புலன்ஸ்காரர் அவசரப்படுத்தியும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் எழுந்தார்.