ரெண்டு ரிங்

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே இருந்த செண்பகம் அட்டை ஆலைக்குச் சித்ரலேகா வந்து அன்றோடு ஐம்பது நாள். பத்து நாளில் முடிந்துவிடும் என்று சொல்லி அனுப்பிய வேலை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்தவர்கள் சர்வர் நிறுவிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசி. விருந்தினர் விடுதியில் துவைத்துப் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. தினமும் ஒரே சாம்பார், ஒரே பீன்ஸ். ஆலை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நிற்கும், சர்வரை நிறுத்திச் சோதிக்க அந்த ஒரு நாள்தான் கிடைக்கும் என்பதால் மூன்று வாரமாக அவள் ஊருக்கும் போகவில்லை. ஊர் என்ன அமெரிக்காவா, பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பாளையங்கோட்டை. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு போக முடியாமல் கிடப்பது தூரத்தில் இருப்பதைவிட அலுப்பு.

வேலை இதுதான். காகிதம் ஆலைக்குள் வருவதிலிருந்து அட்டை லாரியில் ஏறி வெளியே போகிற வரை எல்லாவற்றையும் ஒரே மென்பொருள் பார்த்துக்கொண்டது. அதை நடத்த ஒரு சர்வர். அது படுத்தால் ஆலையே படுத்துவிடும் என்பதால் பக்கத்திலேயே இன்னொன்று. முதலாவது மாப்பிள்ளை என்றால் இரண்டாவது மாப்பிள்ளைத் தோழன். பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, கூடவே நிற்க வேண்டும். தாலியை மட்டும் தொடக் கூடாது. மாப்பிள்ளை மயங்கி விழுந்தால் அந்த நிமிஷமே மணையில் உட்கார்ந்துவிட வேண்டும். விழுந்ததை எப்படி அறிவது? இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை தோழன் ‘இருக்கியா?’ என்று கேட்கும். மாப்பிள்ளை ‘இருக்கேன்’ என்று சொல்லும். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் தோழன் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

இது ஒழுங்காக நடக்கிறது என்று ஆலை முதலாளி ஏற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், சித்ரலேகாவுக்கு அவள் கம்பெனியின் திருநெல்வேலிக் கிளையிலேயே நிரந்தர இடம். போடாவிட்டால் அடுத்த வேலை ஹூப்ளியில், ஒரு வருஷத்துக்குக் குறையாது. அப்பா தில்லைநாயகம் பாளையங்கோட்டை மகாராஜநகர் வீட்டில் தனியாக இருந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் இரண்டு வருஷம். கூடப்பிறந்தவர் யாரும் சித்ரலேகாவுக்கு இல்லை. ஹூப்ளிக்குப் போக வேண்டி வந்தால் வேலையை விட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அது அப்பாவுக்கும் தெரியும். மகள் வேலையை விடுவதா என்று அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

விடுதித் தொலைபேசியின் டயலில் பூட்டுப் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வருகிற அழைப்பை எடுக்கலாம், அவ்வளவுதான். அதனால் அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அவர் கூப்பிடுவார். ரெண்டு ரிங் அடித்து நின்றால், ‘நான் நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம், எடுக்க வேண்டாம். மூன்றாவது ரிங் வந்தால் எடுக்க வேண்டும். ஐம்பது நாளில் மூன்றாவது ரிங் வந்ததே இல்லை. ஆறரைக்கு மணி இரண்டு முறை அடித்து ஓயும், அவள் நிம்மதியாகச் சாப்பிடப் போவாள்.

அந்தப் புதன்கிழமை காலை பதினொன்றுக்கு ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவு மேலாளர் ஐயம்பெருமாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“எம்மா, வாசல்ல வந்து பாருங்க. பதினாலு லாரி நிக்கி. ஒருத்தனுக்கும் கேட் பாஸ் அடிக்க முடியல. ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும்னு சொன்னியளே, இப்ப ரெண்டும்லா நட்ட கல்லா நிக்கி!”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. சித்ரலேகா சர்வர் அறைக்கு ஓடினாள். மாப்பிள்ளையில் மென்பொருள் உறைந்து கிடந்தது. ஒரு விசைக்கும் அசையவில்லை. தோழனோ ஒன்றும் நடவாததுபோலப் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றது. கையால் மாற்றிவிட்டு, லாரிகளை அனுப்பி முடிக்க மதியம் ஒன்றேகால். பிறகு தோழனின் பதிவேட்டைத் திறந்து படித்தாள். பத்தே முக்காலிலிருந்து ஒன்றேகால் வரை, இரண்டு விநாடிக்கு ஒருமுறை, ஒன்றுகூடத் தவறாமல், ‘இருக்கேன்’, ‘இருக்கேன்’, ‘இருக்கேன்’. நாலாயிரத்து ஐந்நூறு தடவை.

“ஆளு மயங்கிக் கிடக்கான் சார். வாய் மட்டும் இருக்கேன் இருக்கேன்னு சொல்லுது” என்றாள் ஐயம்பெருமாளிடம். “பதில் சொல்லுதது வேற இடம், வேலை செய்யுதது வேற இடம். இருக்கியான்னு கேட்டாப் போதாது. ஒரு வேலையச் சொல்லிக் கேக்கணும்.”

ஐயம்பெருமாள் நாற்காலியில் சாய்ந்தார். “எங்க வீட்டுக் கததான். படிக்கியாலேன்னு எம் மவன்கிட்ட கேட்டா, படிக்கேன்பான். பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லுலேன்னு கேட்டாத்தான் லட்சணம் தெரியும்.”

சித்ரலேகா அன்று சிரித்தது அந்த ஒரு முறைதான். இவ்வளவு படித்தும் தனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. அன்று மாலையும் மறுநாள் பகலும் உட்கார்ந்து எழுதினாள். இனி தோழன் ‘இருக்கியா’ என்பதோடு விடாது. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை, இன்ன சரக்குக் கிட்டங்கியில் இன்ன அட்டை எத்தனை கட்டு இருக்கிறது, எடுத்துச் சொல் என்று கேட்கும். பத்து விநாடிக்குள் சொல்லாவிட்டால் மணையை விட்டு எழுப்பிவிடும்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல், மென்பொருளை வேண்டுமென்றே உறைய வைத்துப் பார்த்தார்கள். நாற்பது விநாடியில் தோழன் பொறுப்பை எடுத்துக்கொண்டது. வாசலில் கேட் பாஸ் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

“நாளைக்கு வெள்ளிக்கிழம, பத்தரைக்கு ராகு காலம்” என்றார் ஐயம்பெருமாள். “ஒம்பதரைக்கு முதலாளி வாராரு. இதையே ஒரு வாட்டி அவர் முன்னால செஞ்சு காட்டுங்க. கையெழுத்தப் போட்டுட்டு மெட்ராசுக்குப் போயிருவாரு. விட்டா அடுத்த மாசம்தான்.”

விடுதிக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது பாதம் வீங்கியிருந்தது. இன்னும் ஒரு நாள். பெட்டியைக் கட்டலாமா, படுக்கலாமா என்று யோசித்தபடி முன்னறை நாற்காலியிலேயே கிடந்தாள். ஆறரைக்குத் தொலைபேசி மணி அடித்தது.

அப்பா இருக்கிறார் என்று நினைத்தாள். அந்த ‘இருக்கிறார்’ அவளுக்கு உறைத்தது. ஐம்பது நாளாகத் தானும் அந்தத் தோழனைப் போலத்தான் பதிவேட்டில் வரவு வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். சாப்பிட்டீர்களா, மழைக்கு ஓடு ஒழுகுகிறதா என்று போனில் ஒரு கேள்வி கேட்டதுண்டா? ஒப்பந்தத்தை மீறினால் அப்பா கோபிப்பார். கோபிக்கட்டும். இரண்டாவது ரிங் அடித்து ஓய்வதற்குள் எடுத்துவிட்டாள்.

“அப்பா!”

மறுமுனையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். “ஐயோ, எடுத்துட்டாளே” என்றது ஒரு பெண்குரல்.

பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி டீச்சரின் குரல். “டீச்சர், நீங்களா? அப்பா எங்க?”

“எம்மா சித்ரா, பதறாத. ஆளு நல்லாத்தான்...”

“நல்லா இருக்காருன்னு சொல்லாதிய. எங்க இருக்காரு?”

“ஆஸ்பத்திரில” என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். “குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்துட்டாரு. தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. இன்னையோட பதினோரு நாளு ஆச்சு.”

பதினோரு நாள். பதினோரு சாயங்காலம் அவள் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறாள்.

“நான் வேதக்காரி, பைபிள் வாசிக்கிறவ, பொய் சொல்ல மாட்டேன்னுதாம்மா சொன்னேன். வாயே திறக்கப் போறதில்ல, ரெண்டு ரிங் விடப் போறிய, இதுல பொய் எங்க இருக்குன்னு கேட்டாரு. முப்பது வருசம் பத்திரம் பாத்த மனுசன்கிட்ட நான் என்ன பேச? அவ வேலை முடியட்டும், முடிஞ்சா ஊரோட வந்துருவான்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு. ஆப்பரேசன் பண்ணணும், ரத்த சொந்தம் கையெழுத்துப் போடணும்னு டாக்டர் சத்தம் போடுதாரு. மக வெளியூர்ல இருக்கா, அடுத்த வாரம், அடுத்த வாரம்னு உங்கப்பா தள்ளிக்கிட்டே வாராரு.”

சித்ரலேகாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்பாவின்மேல், டீச்சரின்மேல், அந்த டயல் பூட்டின்மேல், எல்லாரையும்விடத் தன்மேல். கைப்பையை எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்கு நடந்தாள். ஐயம்பெருமாள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

“நாளைக்கு நீங்க இல்லாம எப்படிம்மா? அந்தப் பெட்டியத் தொட்டாலே எனக்குக் கை நடுங்கும்.” ஸ்கூட்டரை அவள் பக்கமாகத் திருப்பி, “ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விடுதேன். அப்பாவப் பாத்துட்டு, முடிஞ்சா மொத பஸ்ல வந்துருங்க. ஒம்பதரை வரைக்கும் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்” என்றார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குள் அவள் நுழைந்தபோது மணி எட்டரை. வார்டின் கடைசிக் கட்டிலில் தில்லைநாயகம் படுத்திருந்தார். பதினோரு நாள் தாடி. காலில் கயிறு கட்டி, கட்டிலின் விளிம்பில் எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் இருந்த டீச்சர் எழுந்து ஒதுங்கினாள்.

அவளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கையெழுத்து ஆச்சா?”

“இல்லப்பா. நாளைக்கு ஒம்பதரைக்கு.”

“அப்ப எதுக்கு வந்த?” தலையைத் தூக்கப் பார்த்தார். “ஒண்ணுமில்லட்டி. சின்ன எலும்பு. டீச்சர் பெருசா சொல்லிருப்பா. நாலே முக்காலுக்கு மொத பஸ் இருக்கு, ஏழு மணிக்கெல்லாம் அங்கன போயிரலாம். நான் நல்லாத்தான் இருக்கேன்.”

குரல் திடமாகத்தான் இருந்தது. சித்ரலேகா எவ்வளவு களைத்திருந்தாள் என்றால், ஒரு கணம் அதை நம்ப ஆசைப்பட்டாள். நம்பிவிட்டால் போதும். நாலு மணி நேரம் தூங்கி, பஸ் ஏறி, அந்தக் கையெழுத்தை வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. அப்பா நல்லா இருக்கிறார் என்று அவரே சொல்கிறார். இனி யார் என்ன சொல்ல முடியும்? அந்த ஆசையை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது.

“நல்லா இருக்கியளா?”

“நல்லா இருக்கேன்னுதான சொல்லுதேன்.”

“சரி, பாதத்த மட்டும் அசைங்க. பைய. பாத்துட்டுப் போறேன்.”

அவர் மகளை முறைத்தார். அசைத்துக் காட்டிவிட்டால் போய்விடுவாள் என்று தோன்றியிருக்க வேண்டும். பல்லைக் கடித்தார். கட்டில் கம்பியைப் பிடித்த கையில் நரம்பு புடைத்தது. பாதம் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட ஊரார் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் அவர். அவர் உதடு கோணியது.

“முடியலம்மா” என்றார். “வலிக்குது. பதினோரு நாளா உயிர் போற மாதிரி வலிக்குது, சித்ரா.”

அவள் கட்டிலோரம் மண்டியிட்டு, தாடி குத்தும் அந்தக் கன்னத்தைத் தன் கன்னத்தோடு அணைத்துக்கொண்டாள். நாலே முக்கால் பஸ் அவளை விட்டுவிட்டுத்தான் போகும். அது தெரிந்தும் வருத்தம் வரவில்லை. ஐம்பது நாளாக இழுத்துப் பிடித்திருந்த அழுகை மட்டும் மொத்தமாக வந்தது.

“அதைச் சொல்லத்தானப்பா போன் இருக்கு” என்றாள்.