ஆறிலை நிக்காதேங்கோ

லுவேசி ஒரு சின்ன ஆறு. மலாவியின் வடக்கு மேட்டுநிலத்தில் கசிந்து தொடங்கி, தொண்ணூறு கிலோமீட்டர் ஓடி, ஏரியில் விழுந்து முடிந்துவிடும். உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது. நான் அதை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஒஸ்லோவில் ஒரு அலுவலகத்தின் நான்காம் மாடியில் இருந்துகொண்டு, நான்கு வருடமாக அதன் ஒவ்வொரு வளைவையும் திரையில் பார்த்து வந்தேன். ஹொல்ம்லியாவில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டைவிட எனக்கு அந்த ஆற்றைத்தான் அதிகம் தெரியும் என்று திமிராகச் சொல்லிக்கொள்வேன்.

உண்மையில் அந்த ஆறு என்றால் எனக்குப் பயம். மேலே மலைக்காட்டைக் கரி சுடுவதற்காக வெட்டி மொட்டையடித்துவிட்டார்கள். முன்பெல்லாம் மழையை மண் குடித்துவிட்டு மெல்ல மெல்ல விட்டதாம். இப்போது மலையில் ஒரு மணித்தியாலம் பெய்தால் போதும், சேறும் கல்லும் மரக்கட்டையுமாக ஒரே மூச்சில் கீழே வரும். கீழேயோ வெயில் கொளுத்தும். காய்ந்த மணலில் பெண்கள் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொள்வார்கள், லொறிகள் மணல் அள்ளும். வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது.

அதற்காகத்தான் ஆற்றின் நடுவே எட்டு நீர்மட்டக் கம்பங்களை நட்டிருந்தோம். மேலிருந்து கீழாக ஒன்று முதல் எட்டு. கம்பம் என்றுகூடச் சொல்வதில்லை. மூன்றில் பற்றரி போய்விட்டது, ஏழு சாய்ந்துவிட்டது, இப்படித்தான் பேச்சு. அங்கே நின்று அவற்றைப் பராமரித்தவர் அருளானந்தன், திருநெல்வேலிக்காரர். அலுவலகக் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில் போகும், எங்கள் இருவருக்கும் குரல்பதிவு தமிழில். "ஹம்சிகா, உங்க தமிழக் கேட்டா ரேடியோ கேக்குற மாதிரி இருக்கு" என்பார். பத்து வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள் நான். உச்சி குளிர்ந்துவிடும்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். மலாவியில் எங்களைவிட ஒரு மணித்தியாலம் கூட. செய்மதிப் படத்தில் மேட்டுநிலம் முழுவதும் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. அப்படி ஒரு மழையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அருளானந்தன் ஆறாம் கம்பத்தில் பழுது பார்ப்பதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார். வாகனமும் சாரதியும் கரையில், அவர் மட்டும் மணலில். உடனே பதிவு அனுப்பினேன்.

"அண்ணா, மலையிலை பெருமழை. ஆறிலை தண்ணி ஏறப் போகுது. ஆறிலை நிக்காதேங்கோ. கெதியா வெளிக்கிடுங்கோ."

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "சரிங்க. அஞ்சுக்குப் போயிடறோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஐந்து மணிக்கா? அவருடைய மூன்று மணிக்கே வெள்ளம் வந்துவிடுமே! இந்த மனிதருக்குச் சொன்னால் ஏறாதா? அழைத்தேன், இணைப்பு இல்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வாகனத்தின் இருப்பிடத்தைத் திரையில் திறந்தேன். புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் அது ஆற்றை விட்டு விலகவில்லை, கரை வழியே மேலே போனது. போய், ஐந்தாம் கம்பத்தில் நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தண்ணீர் ஓடும் ஆறு என்றால் 'ஆற்றில்'. அவர் பேச்சில் 'ஆத்துல', யாழ்ப்பாணப் பேச்சில் 'ஆத்திலை'. 'ஆறிலை' என்றால் எண். ஆறாம் கம்பத்தில் தண்ணீர் ஏறும், அங்கே நிற்காதே என்று சொல்லி நான்தான் அவரை ஐந்துக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மா அப்பாவின் யாழ்ப்பாணத்தில் சொல்லிக்கொள்ள ஒரு ஆறு கிடையாது. கிணறும் குளமும் கடலும்தான் எங்கள் வீட்டுப் பேச்சில் வந்தன. ஒஸ்லோவில் ஓடுவதை நாங்கள் எல்லோரும் நோர்வே மொழியில் 'எல்வா' என்றே சொன்னோம். 'ஆத்திலை' என்று வீட்டில் யாரும் சொல்லிக் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

ஐந்தாம் கம்பம் நிற்பது பாறை இடுக்கில். இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், வெளியேற இருநூறு மீட்டர் மணலில் திரும்பி நடக்க வேண்டும். வெள்ளம் ஆறுக்கு வருவதற்கு அரை மணித்தியாலம் முன்பே அங்கே வந்துவிடும். திரையில் நான்காம் கம்பத்தின் கோடு நெட்டுக்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. அவரிடம் இருந்த அலுவலகப் பேசிக்கு அழைத்தேன். இந்த முறை மணி அடித்தது.

"சொல்லுங்க ஹம்சிகா. அஞ்சுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லங்க."

ஆறு என்று சொல்லக் கூடாது, அது மட்டும்தான் மூளையில் நின்றது. வேறு சொல் வரவில்லை. தண்ணி என்று கத்தியிருக்கலாம், ஓடுங்கோ என்று கத்தியிருக்கலாம். "எல்வா! அண்ணா, எல்வா!" என்று கத்தினேன்.

"அல்வாவா?" அவர் சிரித்தார். "ஊருக்குப் போனா வாங்கிட்டு வர்றேங்க. இருங்க, என்னமோ சத்தம் கேக்குது..."

மூன்றாம் நாள் ஏரிக்கரையில்தான் உடல் கிடைத்தது.

விசாரணைக்காக என் குரல்பதிவை நோர்வே மொழியில் எழுதித் தரச் சொன்னார்கள். 'ஆற்றுக்குள் நிற்க வேண்டாம், உடனே வெளியேறுங்கள்' என்ற பொருளில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. உரிய நேரத்தில் எச்சரித்திருக்கிறாய் என்று மேலாளர் என் தோளைத் தொட்டார். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

இரண்டு கிழமை கழித்துத் திருநெல்வேலியிலிருந்து அவருடைய மனைவி சிந்தியா அழைத்தார். அருளானந்தன் தன் கைப்பேசியை வாகனத்தில் இருந்த சாரதியிடம் கொடுத்துவிட்டு, அலுவலகத்துப் பேசியோடுதான் ஐந்தில் இறங்கினாராம். அந்தக் கைப்பேசி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. குரல்பதிவுகளைச் சிந்தியா கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேங்க" என்றார். "ஆறுல நிக்காதீங்கன்னு அவ்வளவு தெளிவா சொல்லியிருக்கீங்க. அவரும் கேட்டாரே, உடனே அஞ்சுக்குப் போயிட்டாரே. அப்புறம் எப்படிங்க இப்படி ஆச்சு?"

 

"நான் சொன்னதைக் கேட்டவர், அக்கா" என்றேன். "அதாலைதான்."