லோபியின் மூட்டை

நரகத்தில் லோபிக்கு என்ன தண்டனை என்று தெரேசா சொன்னதும், பர்மாப் படகுத்துறையில் மூட்டை தூக்கும் ஆல்பின் வாயிலிருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தான்.

"மூட்டை சொமக்கணுமா? அதுக்குச் செத்துப் போகணுமாக்கா? லான்மடாவ் ஜெட்டிக்கு வந்தா இன்னைக்கே கெடைக்குமே."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தெரேசாவுக்குக் கோவிலின் தவக்கால நாடகத்தில் நரகக் காட்சி மட்டும்தான் பொறுப்பு. ஐரோப்பாவில் பல நூறு வருடங்களுக்கு முன் பாவங்களை ஏழாகப் பிரித்து, எந்த ஆசையோ அதையே தண்டனையாக்கிக் கவிதை எழுதினார்கள் என்று அவள் படித்திருந்தாள். போசனப்பிரியன் சேற்றில் கிடப்பான். லோபி சேர்த்ததையெல்லாம் சுமந்துகொண்டே நடப்பான். எழுதியவர்கள் யாரும் மூட்டை தூக்கியிருக்கமாட்டார்கள். போன வருடம் சேற்றில் புரண்டவனைப் பார்த்து, "டேய், மழைக்கு நம்ம தெருடா!" என்று யாரோ கத்த, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இந்த வருடமும் சிரித்தால் நரகத்தை எடுத்துவிடலாம் என்று பங்குச்சாமி சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவ சிரிச்சாங்கன்னா என் நரகம் போச்சு ஆல்பின்."

"நான் இருக்கேன்ல. வயித்தக் கலக்கிடுவோம்."

அவள் கொடுத்தது வைக்கோல் அடைத்த மூட்டை. அதை அவன் ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். ஜெட்டி ஆட்களெல்லாம் முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். பொய் மூட்டைக்கு முதுகை வளைத்துக் காட்டுவதைவிட நிஜ நரகத்துக்கே போகலாம். நாடகம் நடந்த ஞாயிறு மதியம், தெரேசாவுக்குச் சொல்லாமல் அரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து, திரைக்குப் பின்னால், கூட மூட்டை தூக்கும் செல்லையாவைக் கூப்பிட்டு முதுகில் ஏற்றிக்கொண்டான். செல்லையா மறுபடி போய் முன்வரிசையில் உட்கார்ந்தான்.

லோபி மேடையைச் சுற்றி வந்தான். "கோ ஆல்பின், லாரி அந்தப் பக்கம் நிக்குது!" என்று பர்மாக்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. தெரேசா கண்ணை மூடிக்கொண்டாள்.

பசாசு வேடம் போட்ட ஞானசுந்தரம் அச்சாபீஸ்காரர். மூட்டையைப் பிடுங்கி எறிவது அவர் வேலை. பிடுங்கினார். அசையவில்லை. இன்னொரு பசாசும் சேர்ந்து இழுத்தது. வால்தான் அறுந்தது. ஏற்றவும் இறக்கவும் தெரிந்த கை வேண்டும். அது பசாசுகளிடம் இல்லை. கீழே போட்டால் பெஞ்சுகள் மேல் அடுக்கிய பலகை மேடை உடையும். அதோடு, சுமையைக் கீழே போட்டவன் என்ற பெயர் ஜெட்டியில் சாகும்வரை ஒட்டும். ஆல்பின் இன்னொரு சுற்று நடந்தான். இன்னொன்று. கழுத்து நரம்பு புடைத்தது. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

"டேய்… கை குடுங்கடா."

அது வசனத்தில் இல்லை.

செல்லையாதான் முதலில் எழுந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நரகத்துக்குள் ஏறினான். பின்னாலேயே மூன்று பேர். பசாசுகள் ஒதுங்கி வழிவிட்டன. "தித், ஹ்னித், தோன்!" என்று பர்மிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மூட்டையை இறக்கினார்கள். ஆல்பின் அதன்மேலேயே சரிந்து உட்கார்ந்தான்.

"கூறுகெட்டவனே, நடிக்கத்தானடா சொன்னாங்க," என்றான் செல்லையா.

ஞானசுந்தரம் கையிலிருந்த அட்டைச் சூலத்தால் லோபிக்கு விசிறிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. திரையை இழுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தெரேசா பங்குச்சாமியைத் தேடினாள். நாற்காலி காலியாக இருந்தது. அவர் அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி, நரகத்தின் முதல் படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தார்.