கள்ளச்சாவி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கும் போனை மடியில் கவிழ்த்து வையுங்கள். அதன் உறவுக்கார மெஷின் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், அது கேட்டால் முகம் சுளிக்கும். பூட்டுக்காரர் ஒருவரின் வீட்டுக்குள் திருடன் வந்த கதை இது. கதவை உடைக்கவில்லை, ஓட்டைப் பிரிக்கவில்லை. வா என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தான்.

கடைத்தெரு முனையில் சாவி வெட்டும் கடை அவருடையது. சந்தேகப்படாமல் அவருக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. அடுத்தவர் சாவியைச் சோப்பில் அச்செடுத்துக்கொண்டு யாராவது வந்து நின்றால், "வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன் வீட்டு வாசலுக்கு மூன்று பூட்டு போட்டிருந்தார். மனைவியின் தம்பி வேலை மாற்றலாகி வந்து மாடி அறையில் தங்கியிருந்தான். ஊருக்கெல்லாம் சாவி வெட்டிக் கொடுக்கிற மனிதர் அந்தப் பையனுக்கு மட்டும் ஒரு சாவி கொடுக்கவில்லை. "தொலைச்சிட்டு வந்து நிப்பான்" என்பார். அவனும் தினம் வேலை முடிந்து வந்து, மணியை அடித்துவிட்டு, விருந்தாளி மாதிரி வாசலில் நிற்பான்.

அவர் மனைவி, குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் வரைபவள். கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டரில்தான் வேலை. அந்த வருடம் முழுக்க ஒரே புத்தகம்: ஓர் ஒட்டகச்சிவிங்கிக்குத் தும்மல் வருகிறது. அடிவயிற்றில் கிளம்பிய தும்மல், பக்கத்துக்குப் பக்கம் அந்த நீளக் கழுத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கடைசிப் பக்கத்தில்தான் வெடிக்கும். அவள் பெயர் மட்டும் தனியாக அட்டையில் வரப்போகிற முதல் புத்தகம். வாரக் கடைசியில் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். தவறினால் வேறொருவர் புத்தகத்தைப் போட்டுவிடுவோம் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார்.

அன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்தாள். உள்ளே விசிறி மூச்சிரைத்தது. படங்கள் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதக் குறிகள். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் யாரோ ஒட்டவைத்தது போல அர்த்தமில்லாத எழுத்துகளில் ஒரு வால் முளைத்திருந்தது. ஒன்றைத் தட்டினாள், திறக்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. அப்போது திரை முழுக்க ஒரு கடிதம் விரிந்தது.

'அன்பு நண்பரே, உங்கள் ஃபைல்களைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம். பணம் கட்டினால் சாவி தருவோம்.'

அன்பாம், பத்திரமாம்! ஓரத்தில் ஒரு கடிகாரம் வேறு இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தன் சித்தி மகளுக்குப் போன் செய்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள்; நோய் வந்த மெஷினை எல்லாம் பிழைக்க வைப்பதால் தெருவே அவளை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடும்.

"அக்கா, மொதல்ல நெட் ஒயரப் பிடுங்கு. வைஃபையையும் அணை. வேற எதையும் தொடாத. அந்தக் கடிதத்த மட்டும் போன்ல படம் எடுத்து வை. இதோ வரேன்."

அதற்குள் சேதி தெரிந்து கணவர் கடையிலிருந்து ஓடி வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாப்ளே! கொஞ்சம் இறங்கி வாங்க!"

அன்று அவனுக்கு விடுமுறை. தூக்கக் கலக்கத்தோடு வந்தான்.

"போன வாரம் இதுல என்னத்தையோ சொருகினீங்களே, என்ன அது?"

"பென் டிரைவ் மாமா."

"என்னப் பார்த்ததும் படக்குனு பிடுங்கி பாக்கெட்ல போட்டீங்களே, எதுக்கு?"

"அது... ஒண்ணுமில்ல மாமா. சும்மா."

"சும்மாவா? கேட்டியா உன் தம்பி சொல்றத!"

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். இவன் எதையோ மறைக்கிறான் என்பது அவளுக்கும் தெரிந்துபோனது. "ஏன்டா, என் ஒரு வருஷ உழைப்புடா" என்றாள். அவன் காது சிவந்தது.

டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தாள்.

"பூட்டுனவனே சாவிக்காரன் வேஷம் கட்டிட்டு வந்து நிக்கறான். மாமா, உங்க தொழிலுக்கே போட்டி!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"சரி, புதுசா இதுல என்ன ஏத்துனீங்க?"

"வேற ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி. "முந்தாநாள் என் பிறந்தநாளுக்கு இவர் வாங்கிக் குடுத்த வரையற புரோகிராம் மட்டும்தான். ரொம்ப நாளா ஆசப்பட்டது."

"அதெல்லாம் நல்ல புரோகிராம், அத விடு" என்றார் பூட்டுக்காரர் அவசரமாக. "இப்ப எதுக்கு ஆராய்ச்சி? அவன் கேக்கறதக் கட்டிடலாம். நான் கட்டறேன். சாவி வாங்கிட்டா வேலை முடிஞ்சுது."

மனைவி மெல்லத் திரும்பினாள். அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை.

"என்னங்க, பழைய பேப்பர்காரரோட தராசையே மூணு தடவ ஆட்டிப் பாக்கற ஆளு நீங்க. முகம் தெரியாத திருடனுக்குப் பணத்தக் கட்டிட்டு, அவன் சாவி தருவான்னு நம்பறீங்களா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகவா?"

டாக்டர் அதற்குள் எதையோ கண்டுவிட்டாள். "அக்கா, வைரஸ் தடுக்கற காவல் அணைஞ்சு கிடக்கு. தானா அணையல. முந்தாநாள் யாரோ கையால அணைச்சிருக்காங்க. யாரு?"

மூன்று பேர் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. பூட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்த சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல எழுதியிருந்துச்சு" என்றார். "காவல அணைச்சாத்தான் சாவி வேலை செய்யும்னு."

"எந்தச் சாவி மாமா?"

"புரோகிராமத் திறக்கற சாவி. நெட்ல ஒருத்தன் இலவசம்னு போட்டிருந்தான். விலைக்கு வாங்கப் போனா யானை விலை, குதிரை விலை சொல்றாங்க. பிறந்தநாளுக்குக் குடுத்தாகணும்னு..."

"வாங்கினேன்னு சொன்னீங்களே" என்றாள் மனைவி. "சோப்புல அச்செடுத்துட்டு வர்றவன வாசல்லயே விரட்டுவீங்க. எனக்குப் போய்க் கள்ளச்சாவி கொண்டு வந்திருக்கீங்க. அதுவும் வாட்ச்மேனத் தூங்க வச்சிட்டு. பழிய என் தம்பி தலையில போட்டுட்டு."

கத்தியிருந்தாலாவது அவர் தாங்கியிருப்பார். அவள் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

டாக்டர், ஃபைல்களுக்குத் திருடன் போட்ட பூட்டின் வகையைத் தன் லேப்டாப்பில் தேடினாள். சில பூட்டுகளை நல்லவர்கள் உடைத்து, சாவியை இலவசமாகவே பொதுவில் வைத்திருக்கிறார்களாம். இதற்கு இன்னும் இல்லை. "வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கியா அக்கா?" என்றாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். இல்லை.

அப்போதுதான் தம்பி தொண்டையைச் செருமினான்.

"என்கிட்ட இருக்கு அக்கா."

"என்னது?"

"அந்தப் பென் டிரைவ்ல... உன் படமெல்லாம் காப்பி பண்ணிட்டுப் போனேன். ஆபீஸ்ல ஒருத்தங்களுக்குக் காட்டணும்னு. எங்கக்கா வரைஞ்சதுன்னு."

"ஒருத்தங்கன்னா?"

"ஒருத்தங்கதான்."

"அந்த ஒருத்தங்களுக்குப் பேர் இருக்கா?"

"இருக்கு. அப்புறம் சொல்றேன்" என்று மாடிக்கு ஓடினான். மறைத்தது அதைத்தான், காது சிவந்ததும் அதற்குத்தான்.

அவன் கொண்டு வந்ததும் பூட்டுக்காரர் வெடுக்கென்று வாங்கி, கம்ப்யூட்டரில் சொருகக் குனிந்தார்.

"மாமா! கைய எடுங்க!" டாக்டர் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்து பென் டிரைவ் நழுவி விழுந்தது. "திருடன் இன்னும் உள்ளதான் இருக்கான். இதச் சொருகினா இதையும் பூட்டிருவான். மிச்சம் இருக்கறது ஒரு பிடி சோறு, அதையும் அவன் இலையிலயே வைக்கறீங்களே!"

அவள் தன் லேப்டாப்பில் பென் டிரைவைச் சோதித்த பிறகே திறந்தாள். ஒட்டகச்சிவிங்கி வந்தது. கழுத்து வந்தது. தும்மல் ஒவ்வொரு பக்கமாக ஏறி, தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது. தம்பி காப்பி எடுத்த பிறகு வரைந்தவை, வெடிக்கிற கடைசிப் பக்கங்கள், அதில் இல்லை.

பணம் கட்டவில்லை. இணையக் குற்றங்களை விசாரிக்கும் போலீஸுக்குப் புகார் எழுதினார்கள். பூட்டிய ஃபைல்களைத் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்தாள் டாக்டர், என்றாவது அதற்கும் சாவி வரலாம் என்று. பிறகு கம்ப்யூட்டரை அடியோடு துடைத்துப் புதிதாக எல்லாம் ஏற்றினாள். வேறொரு மெஷினில் உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வைத்தாள். பேக்கப் எடுக்க ஒரு டிஸ்க் கொடுத்து, "எடுத்ததும் பிடுங்கி அலமாரியில வை அக்கா. சொருகியே வச்சா அதுவும் மாட்டும்" என்றாள். "அப்புறம், கம்ப்யூட்டர் தன்னப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டா, நாளைக்குன்னு தள்ளிப் போடாத."

மனைவி தன் பழைய புரோகிராமிலேயே உட்கார்ந்து கடைசித் தும்மலை மறுபடி வரைந்தாள். மனத்தில் இருந்ததெல்லாம் அதில் இறங்கியது. மரத்திலிருந்து இலை பறந்தது, கூடு பறந்தது, ஒரு கதவு மூன்று பூட்டோடு பிய்த்துக்கொண்டு பறந்தது. பூட்டுப்பட்டுப் போன பழைய படத்தில் அந்தக் கதவு கிடையாது. பதிப்பாளருக்கு அந்தப் பக்கம்தான் மிகவும் பிடித்ததாம்.

பூட்டுக்காரர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கடைக்குப் போனார். மாலையில் மச்சினன் வழக்கம்போல வந்து மணியை அடித்துவிட்டு நின்றான். கதவைத் திறந்தவர் வழியை விட்டு நகரவில்லை.

"கைய நீட்டுங்க மாப்ளே."

உள்ளங்கையில் மூன்று சாவிகள். புதிதாக வெட்டியவை, இன்னும் சூடு ஆறவில்லை.

"தொலைச்சிட்டா மாமா?"

"வேற வெட்டித் தரேன்" என்றார். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், ஆனால் சொன்னார். "அந்த ஒருத்தங்களையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. மணி அடிக்க வேணாம்."

அவ்வளவுதான், செல்லங்களா. உங்கள் வீட்டுக் கதவு வேண்டியவர்களுக்கு விரியத் திறக்கட்டும், வேண்டாதவனுக்கு இருக்கிற இடமே தெரியாமல் போகட்டும். உங்கள் கைப்பட உண்டானது ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாரும் வாசலில் நின்று மணி அடித்துக் காத்திருக்காமல், எல்லோர் கையிலும் ஒரு சாவி இருக்க, நிறைந்து வாழுங்கள்.