பாவுண் கிலோ

செப்டம்பர் பிறந்து மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில், சரசா மூங்கில் தூர் ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பச்சை. அடுத்ததும் பச்சை. சுண்ணாம்பைத் தொட்டு இழுத்தாற்போல் இலை நெடுக ஓட வேண்டிய வெள்ளைக் கோடு, இந்த மழைக்கு முளைத்த கழிகளில் பேருக்குக்கூட இல்லை. பழைய இலைகளோ நுனி கருகிக் கிடந்தன.

பிம்ப்ரியில் பம்பு செய்கிற அந்த ஆலையில் வாசலிலிருந்து அலுவலகம் வரை இருபுறமும் நாற்பது தூர்கள். முதலாளியின் மனைவி ஆசைப்பட்டு வரவழைத்து நட்டவை. அவற்றைப் பார்த்துக்கொள்ளத்தான், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேளாண்மைப் பட்டத்தோடு வந்த சரசாவை ஓராண்டுச் சோதனையில் எடுத்திருந்தார்கள். எண்பத்து மூன்று அக்டோபரோடு அந்த ஆண்டு முடிகிறது. அதன் பிறகு வேலை நிரந்தரமா, ஊருக்கு ரயிலா என்பது இந்த நாற்பது தூர்களின் கையில். அவள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களே கிடையாது. "பொட்டப்புள்ளைய காலேஜுக்கு அனுப்புனியே, என்னத்தக் கண்ட?" என்று அவள் அப்பாவைக் கேட்கத் தெருவே நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

பருவம் தவறாமல்தான் செய்திருந்தாள். மாசிக் கடைசியில் மக்கிய சாணி எருவோடு கொஞ்சம் யூரியா. மழை தொடங்கி முளை கிளம்பும் ஜூனில் ஒரு தரம், ஜூலையில் ஒரு தரம். செப்டம்பரில் பொட்டாஷ் மட்டும். குளிர்காலத்தில் ஒன்றும் வேண்டாம். உதிர்ந்த இலை அடியிலேயே கிடந்தால் போதும். யூரியா மட்டும் தூருக்குக் கால் கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பச்சை கொழுத்துக் கோட்டை விழுங்கிவிடும்.

ஆக, யாரோ அளவைத் தாண்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் ஐந்து பெண்களுக்கும் தலைவி ஹௌசாபாய். பதினாறு வருஷமாக அங்கே மண்வெட்டி பிடிப்பவள்; எல்லோருக்கும் மௌசி, சித்தி முறை. சரசா அவளிடம் போய்த் தன் அரைகுறை மராத்தியில் நின்ற நிலையிலேயே கேட்டாள்.

"மௌசி, யூரியா எவ்வளவு போட்டீங்க?"

"நீ சொன்ன அளவு, தாயி."

"பாவுண் கிலோ?"

"பாவுண் கிலோ. டப்பாவால அளந்துதான் போட்டோம்."

"நான் சொன்னதைப் போட்டிருந்தா இப்படி ஆகாது!"

"அப்ப நீ சொன்னதுதான் சரியில்ல," என்று சொல்லிவிட்டு ஹௌசாபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களை பறிக்கக் குனிந்தாள்.

சரசாவுக்கு உச்சி மண்டை வரை ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு எவ்வளவு வாய்! அதே கோபத்தோடு அலுவலக மாடிப் படியேறியவளை நிர்வாக அதிகாரி ஜம்புநாதன் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, கோடு போட்ட மூங்கில்னு சொல்லி வேலியோர மூங்கிலா வளத்துண்டிருக்கே? மேடம் நேத்து காரை நிறுத்திப் பாத்துட்டுப் போனா."

"அளவு கூடிப்போச்சு சார். தோட்டத்து ஆளுங்க கூடப் போட்டிருக்காங்க."

"யாரு, அந்த ஹௌசாவா? பேஷ். எழுதிக் குடுத்துடு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். அவளை நிறுத்திட்டு வேற ஆளைப் போட்டுக்கலாம். உன் கன்ஃபர்மேஷனுக்கும் அதுதான் நல்லது."

அன்றே எழுதிவிட்டாள். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை கொடுத்தால் போதும் என்று பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தாபோடி காய்கறிச் சந்தைக்கு அக்கா பவுன் அவளையும் இழுத்துக்கொண்டு போனாள். சரசா தங்கியிருப்பது அக்கா வீட்டில்தான். அத்தான் மகாதேவனுக்கு ராணுவப் பணிமனையில் வேலை.

"பாவுண் கிலோ பேண்டி," என்றாள் அக்கா காய்க்காரியிடம், வெண்டைக்காயைக் காட்டி. அவள் தராசில் அரைக் கிலோ கல்லை வைத்து, அதன்மேல் கால் கிலோ கல்லையும் வைத்தாள்.

"எக்கா, கால் கிலோதான கேட்ட? எதுக்கு ரெண்டு கல்லு?"

"முக்கால் கிலோ கேட்டேம்ட்டி. பாவுண்ணா முக்கால்."

"அப்பம் கால்?"

"பாவ்."

"பாவ்னா ரொட்டியில்லா?"

"ரொட்டியும் பாவுதான், காலும் பாவுதான். ஒரு வருசமா இங்கன கெடக்க, இதுகூடவா தெரியல? என்னட்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

மாசியில் முதல் தரம் உரம் போட்டபோது "ஏக் பாவ்" என்றுதான் சொல்லியிருந்தாள். "டீயில தொட்டுக்கவா, தாயி?" என்று ஒருத்தி கேட்க, ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெறும் கேலி; உரத்தைச் சரியாகத்தான் போட்டார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சரசாவுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. தான் சொன்ன சொல் கொச்சை போலிருக்கிறது, அக்கா கடையில் சொல்கிற 'பாவுண்'தான் சுத்தமான மராத்தி என்று தானே முடிவு செய்துகொண்டாள். அக்கா பேரை ஒட்டி இருந்ததால் மறக்கவும் இல்லை; ஜூனிலும் ஜூலையிலும் அதையே சொன்னாள். நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்குக் கால் கிலோ வெண்டைக்காய் எப்படிக் காணும் என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும். காய் நறுக்குகிற வேலையைத்தான் படிப்பைச் சொல்லி அக்கா தலையில் கட்டியிருந்தாளே!

வழியெல்லாம் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"வாய மூடிக்கிட்டுக் கெட," என்றாள் அக்கா. "அந்தப் பொம்பளைக்கு வேற எடத்துல வேல கெடைக்கும். ஒனக்கு? அப்பா மொகத்த நெனச்சுப் பாரு."

அந்த முகத்தை நினைத்துப் பார்த்ததில்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆலைக்குள் நுழைந்ததும் நேரே ஹௌசாபாயிடம் போனாள். "பாவுண்ணு சொன்னப்போ ஏன் மௌசி மறுபடி கேக்கல?"

"கேக்கலையா? ரெண்டு தரம் கேட்டேன். காது செவிடான்னு கத்தினியே! மாசியில கால், மழைக்கு முக்காலான்னு எனக்கும் உறுத்திச்சுதான். படிச்ச பொண்ணு, மழைக்காலத்துக்கு ஏதாவது கணக்கு வச்சிருப்பேன்னு விட்டுட்டேன்."

சரசாவுக்கு ஜூன் மாதத்து மழையும், குடைக்குள் நின்று தான் போட்ட கூச்சலும் நினைவுக்கு வந்தன. மாடிக்கு ஏறினாள். பையில் அந்த ஒன்றரைப் பக்கம் இருந்தது. இப்போதும் அதைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிடலாம், கேட்பாரில்லை. ஒவ்வொரு படியிலும் அதையே நினைத்துக்கொண்டு ஏறினாள்.

"சார், தப்பு என்னோடது. கால்னு நினைச்சுக்கிட்டு முக்கால்னு சொல்லிட்டேன்."

ஜம்புநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதுக்கா இத்தனை? யாருக்குத் தெரியும் அது? நம்ம ஊர்ப் பொண்ணாச்சேன்னு உன்னை உள்ள கொண்டு வந்தேன். என் பேரையும் சேத்துக் கெடுக்காதே. எழுதினதைக் குடுத்துட்டுப் போ."

"முடியாது சார். அந்தம்மா என்னை ரெண்டு தரம் கேட்டிருக்காங்க."

"அப்போ உன் கன்ஃபர்மேஷன் நிக்கும்."

"நிக்கட்டும்."

அங்கேயே ஒரு தாளை வாங்கித் தன் பேரைப் போட்டு நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

அதன் பிறகு ஆறு வாரம் தூக்கம் இல்லை. முதலில் தூர்களின் அடியில் தண்ணீரைக் கட்டி மிச்சமிருந்த உர உப்பைக் கரைத்து இறக்கினார்கள். பிறகு முழுப்பச்சையாக வந்த கழிகளைத் தரையோடு ஒட்ட வெட்டினார்கள். விட்டால் அவைதான் கொழுத்துத் தூரையே பிடித்துக்கொள்ளும். சரசா கழியைக் காட்டுவாள், ஹௌசாபாய் கொடுவாளை ஓங்கிக்கொண்டு கேட்பாள்: "இதுதானே? நல்லாப் பாத்துச் சொல்லு. அப்புறம் நான் வெட்டினேன்னு எழுதாதே." சரசா எழுதி வைத்திருந்த புகார் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. சாலையின் இருபுறமும் பல் விழுந்த வாய்போல் ஆனது. முதலாளி மனைவியின் கார் அதற்கு நடுவே ஒரு நாள் மெதுவாகப் போயிற்று; நிற்கவில்லை. நிற்காதது நல்லதற்கா கெட்டதற்கா என்று சரசா இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை, நீக்கமும் இல்லை. சோதனைக் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு, செடிகளின் நிலையைப் பார்த்து ஏப்ரல் இறுதியில் முடிவு.

முதலில் நிம்மதியாக மடித்தாள். அடுத்த நிமிஷமே மறுபடி பிரித்தாள். ஏப்ரலா? மூங்கில் மழைக்கு அல்லவா முளைக்கும்! ஏப்ரல் வெயிலில் வந்து பார்த்தால் வெட்டின அடிக்கட்டையும் காய்ந்த இலையும்தான் இருக்கும். கோடு திரும்பிற்றா இல்லையா என்பது ஜூனில், ஜூலையில் புதுக் கழி இலை விரித்தால்தான் தெரியும்.

வந்த வழியே மாடிக்குத் திரும்பினாள். "சார், ஆறு மாசம் பத்தாது. ஆகஸ்ட் வரைக்கும் நீட்டுங்க."

ஜம்புநாதன் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் கொறைக்கச் சொல்லி அழுவா. நீ கூட்டிக் கேக்கறே!"

"ஏப்ரல்ல பாத்தா என்னை அனுப்பிருவீங்க சார். மூங்கிலுக்கு உங்க தேதி தெரியாது."

"எழுதிக் குடு. பாக்கறேன்," என்றார். பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்பது அவர் முகத்தில் தெரியவில்லை.

கீழே தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். ஹௌசாபாய் வந்து எட்டிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள் எதைப் பார்த்தாளோ.

"என்ன தாயி, போறியா, இருக்கியா?"

"தெரியல மௌசி. ஆகஸ்ட் வரைக்கும் கேட்டிருக்கேன்."

"ஆகஸ்டா!" ஹௌசாபாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதுவரைக்கும் உன் கத்தலைக் கேக்கணுமா?"

"குடுத்தாத்தான்," என்றாள் சரசா. எந்தத் தேதி வரை என்று எழுத வேண்டிய இடத்தில் நின்ற பேனா, ஆகஸ்ட் முப்பத்தொன்று என்று எழுதி முடித்தது.