தெல்நாஸின் கண்களுக்குப் போட்ட கறுப்பு

என் அண்ணன் மகள் தெல்நாஸ் ஏழு வயதில், கோடைக்கு நாங்கள் ஆடுகளோடு மலையேறும் வழியில், அம்மை கண்டு இறந்தாள். ஃபிரூசாபாத் கடைவீதியில் அவளை முதன்முதலாகப் போட்டோ எடுப்பதை அடுத்த முறைக்குத் தள்ளிப்போட்டிருந்தான் அண்ணன். பாதையோரம் கல்லடுக்கிப் புதைத்துவிட்டு மறுநாளே நடந்தோம். ஆட்டுக்குப் புல் வேண்டுமே, நம் துக்கத்துக்காக அது காத்திருக்குமா?

கோடைக் கூடாரம் போட்டதும் அண்ணி மாபர்வர் தரையில் முளையடித்துத் தறி விரித்தாள். கம்பளத்தில் மகளை நெய்யப் போகிறாளாம். சிவப்புப் பாவாடை, இரண்டு பின்னல், பெரிய கண்கள். சிவப்புக்கு மஞ்சிட்டி வேர் இருந்தது. கறுப்புதான் சிக்கல்.

"கறுப்பு ஆட்டு மயிர் இருக்கே அண்ணி, அதை வெச்சே தலைமுடிய நெய்யலாமே" என்றேன்.

"வெயில்ல அது செம்பட்டை அடிச்சுடும். எம்பொண்ணு தலை என்ன செம்பட்டையா?"

ஓக் மரப்பட்டையை உரித்து, இடித்து, ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவைத்தோம். கம்பளி நூல் அதில் பழுப்பாகத்தான் வந்தது. கறுப்பாக வேண்டுமென்றால் இரும்பு சேர வேண்டும். துருப்பிடித்த லாட ஆணிகளைப் புளித்த மோரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைச் சாயத்தில் கையளவு ஊற்றுவோம். மிஞ்சினால் சில வருஷத்தில் இரும்பு கம்பளியைத் தின்றுவிடும். எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அண்ணிக்கும் தெரியும்.

இரண்டு கை ஊற்றினேன். அவள் நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னும் ஊத்துடி."

"போதும் அண்ணி. இத்துப்போயிடும்."

"உனக்குப் பேரே 'பொண்ணு போதும்'தானே. எதுக்கும் போதும்னுதான் சொல்லுவே."

நான் ஐந்தாவது பெண். கிஸ்பஸ் என்று எனக்குப் பெயர் வைத்தவர்கள் அந்த அர்த்தத்தில்தான் வைத்தார்கள். அதைச் சொல்லிக் காட்டினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்றும் பார்க்காமல் இரும்புத் தண்ணீரைச் சட்டியோடு சாயத்தில் கவிழ்த்தேன்.

நூல் காக்கைக் கறுப்பாக வந்தது. "இதுதான் அவ முடி" என்றாள் அண்ணி. கம்பளம் முடிந்தபோது அண்ணன் ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனான், பொழுது சாயும்வரை வரவில்லை. அவ்வளவு அச்சு அசலாக இருந்தது. அதை யாரும் மிதிக்கக் கூடாது என்று கூடாரத்தில் அடுக்கிய படுக்கைச் சுமைமேல் விரித்து வைத்தாள். தினமும் காலையில் அந்தப் பின்னலைத் தடவிக் கொடுப்பாள்.

ஆறாம் வருஷம் அவள் உள்ளங்கையில் கறுப்புத் தூள் ஒட்டியது. முதலில் பின்னல் உதிர்ந்தது, அப்புறம் கண்கள். பாவாடை மட்டும் புதுசுபோலச் சிவப்பாக இருந்தது. முகத்தில் அடிநூல் தெரிந்த இரண்டு வெள்ளை ஓட்டைகள். செய்தது என் கை. இன்றுவரை அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"திரும்ப நெய்யலாம் அண்ணி. இந்தத் தடவை அளவா ஊத்துவோம்" என்றேன்.

மறுபடி பட்டை உரித்தோம். இரண்டே கை ஊற்றினேன், அவள் நூலை எடுத்து உலர்த்தினாள். தறியில் பாவாடை ஏறியது, கழுத்து ஏறியது, வாயும் வந்தது. கண் வரும் வரிசையில் அவள் கை நின்றது.

"கிஸ்பஸ், அவ கண்ணு ஓரம் மேல தூக்கியிருக்குமா, கீழ இறங்கியிருக்குமா?"

"நல்லா பெருசா இருக்கும் அண்ணி."

"அது எனக்குத் தெரியாதா? எப்படி இருக்கும், சொல்லு."

யோசித்தேன். தெல்நாஸின் காய்ச்சல் சூடு ஞாபகம் வந்தது, நான் தூக்கி நடந்த கனம் ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை.

"எனக்குக் கம்பளத்து முகம்தான் அண்ணி வருது."

"எனக்கும் அதாண்டி. அதுலயும் அந்த ஓட்டை ரெண்டும்தான் வருது."

அண்ணனைக் கேட்டோம். அவனும் "பெருசா இருக்கும்" என்றுதான் சொன்னான்.

குளிர் வந்ததும் தறியைச் சுருட்டிக் கழுதைமேல் ஏற்றினோம். கீழ்நாட்டில் விரித்தோம், கோடையில் மறுபடி மேலே கொண்டுவந்து விரித்தோம். ஒரு வரிசைகூட ஏறவில்லை. கறுப்பு நூல் உருண்டை பக்கத்திலேயே கிடக்கிறது. இழுத்துப் பார்த்தேன், உறுதியாகத்தான் இருக்கிறது. அதை எங்கே முடிச்சுப் போடுவது என்றுதான் எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை.